பாம்பன் பாலத்த லெகோ கட்டையில கட்டி ரயில் விடணுமா? வளைவுல இருந்து கணக்கு போடுங்க

2025 ஏப்ரல் 6 அன்னைக்கு புது பாம்பன் பாலம் திறந்தாங்க, நடு ஸ்பான் (ரெண்டு தூணுக்கு நடுவுல உள்ள பகுதி) செங்குத்தா மேல போற வீடியோ எல்லார் போன்லயும் சுத்துச்சு. அதுக்கப்புறம் மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை பக்கம் வீட்ல பிளாஸ்டிக் கட்டை வச்சிருக்கிற பிள்ளைங்க, அவங்கள விட ஆசையா இருக்கிற அப்பாமாருங்க, எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான்: அந்தப் பாலத்தக் கட்டி மேல ரயில் விடணும். ஆனா இறங்கிப் பாத்தா குழப்பமா இருக்கு. ஒருத்தர் நிஜ ரயில சுருக்குற ஸ்கேல் 1:38ங்கிறார், இன்னொருத்தர் 1:45ங்கிறார், இன்னொருத்தர் ஸ்கேலே கிடையாதுங்கிறார். நீளமா அழகா கட்டின பெட்டி வளைவுல போய் கவுந்துடுது, ஏத்தத்துல இன்ஜின் சக்கரம் மட்டும் சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது.

இது எல்லாத்துக்கும் அடியில ரெண்டே ரெண்டு நம்பர் இருக்கு. தண்டவாளத்துக்கு நடுவுல உள்ள அகலம் ஒண்ணு, வளைவோட ஆரம் இன்னொண்ணு. பெட்டி எவ்ளோ அகலம், எவ்ளோ நீளம், எத்தன பெட்டி, பாலம் எவ்ளோ உயரம், ரூம் பத்துமா பத்தாதா, எல்லாம் அந்த ரெண்டுல இருந்துதான் வருது. பெரும்பாலானவங்க பெட்டியில ஆரம்பிக்கிறாங்க, அங்கதான் சிக்கலே.

முதல்ல அளவுகள்

எல்லா கணக்குக்கும் இது வேணும், அதனால ஒரே மூச்சுல சொல்லிடுறேன்.

1. ஸ்டட்: கட்டைக்கு மேல இருக்கிற குமிழ். ஒரு குமிழ் நடுவுல இருந்து அடுத்த குமிழ் நடுவுக்கு 8 மிமீ. லெகோகாரங்க எல்லாத்தயும் இந்த ஸ்டட் கணக்குலதான் பேசுவாங்க.

2. பிரிக், பிளேட்: முழுக் கட்டை 9.6 மிமீ உயரம், அது பிரிக். தட்டையா இருக்கிறது பிளேட், 3.2 மிமீ. மூணு பிளேட் அடுக்கினா ஒரு பிரிக்.

3. டிராக்: நேர் துண்டு ஒண்ணு 16 ஸ்டட் நீளம், அதாவது 128 மிமீ. அகலம் 8 ஸ்டட்.

4. கேஜ்: ரெண்டு தண்டவாளத்தோட உள் விளிம்புக்கு நடுவுல உள்ள இடைவெளி. லெகோவுல 37.5 மிமீ. தண்டவாளத்தோட நடுவுல இருந்து நடுவுக்கு அளந்தா 40 மிமீ, அதாவது 5 ஸ்டட்.

5. வளைவு: கம்பெனி வளைவுத் துண்டு ஒண்ணு 22.5 டிகிரி திரும்பும், 16 துண்டு சேந்தா ஒரு முழு வட்டம். ஆரம் 40 ஸ்டட், 320 மிமீ. இத ஆர்40ன்னு சொல்றாங்க. டிராக் அகலமும் சேத்து வட்டம் வெளியில 88 ஸ்டட் வரும், கிட்டத்தட்ட 70 செமீ. சாப்பாட்டு மேசையில அடங்கிடும், அதுக்காகத்தான் அந்த ஆரமே.

ஸ்கேல் சண்டை எங்க இருந்து வருது

நிஜத்த எத்தன மடங்கு சுருக்குறோம்ங்கிறதுதான் ஸ்கேல். லெகோவுல இத யாரும் முன்னாடியே முடிவு பண்ணி வைக்கல, அதனாலதான் இவ்ளோ சண்டை.

உலகத்துல பல நாட்டுல ஓடுறது 1435 மிமீ ஸ்டாண்டர்ட் கேஜ். அத 37.5ஆல வகுத்தா 38 வருது. 1:38ன்னு சொல்றவங்க வெளிநாட்டுக் கணக்க அப்படியே எடுத்துக்கிறாங்க. நம்ம பிராட் கேஜ் 1676 மிமீ, வகுத்தா 44.7. அதனால இந்திய ரயிலுக்கு கேஜ் படி 1:45தான் சரி. பாம்பன் பாதை 2007ல பிராட் கேஜ் ஆகிறதுக்கு முன்னாடி மீட்டர் கேஜ், 1000 மிமீ. அந்தக் காலத்து போட் மெயில்ங்கிற ரயில பண்ணணும்னு ஆசைப்பட்டா ஸ்கேல் 1:27 ஆயிடும், பெட்டி பூதம் மாதிரி பெருசா வரும், அத ஆர்40 வளைவுல ஓட்டுறத நினைச்சே பாக்க வேண்டாம்.

இப்போ பெட்டி. ரொம்ப வருஷமா நாம ஏறி இறங்கின, சென்னை ரயில் பெட்டி ஆலையோட நீல கலர் ஐசிஎஃப் பெட்டி சுமார் 3.25 மீட்டர் அகலம், 21.3 மீட்டர் நீளம். 1:45ல அகலம் 9 ஸ்டட், நீளம் 60 ஸ்டட் வருது. ஒன்பது ஒத்தப்படை எண், நடுவுல கதவு வைக்கவும் சக்கரத்த பொருத்தவும் தொல்லை. அதனால ஒரு ஸ்டட் குறைச்சு 8 அகலத்துல கட்டுறாங்க, அப்போ ஸ்கேல் 1:51, நீளம் 52 ஸ்டட். கம்பெனி செட்ல வர்ற ரயில் பொதுவா 6 அகலம்தான், அந்த அகலத்துக்கு ஐசிஎஃப் பெட்டிய சுருக்கினா 1:68, நீளம் 39 ஸ்டட்.

ஆக மூணு பேர் சொல்றதும் அவங்கவங்க கணக்குல சரிதான். தண்டவாளம் ஒரு ஸ்கேல்ல இருக்கும், பெட்டி இன்னொரு ஸ்கேல்ல இருக்கும், உள்ள உக்காந்திருக்கிற பொம்மை எந்த ஸ்கேலுக்கும் அடங்காம குள்ளமா தடியா இருக்கும். கண்ணுக்கு ஒப்பா இருந்தா போதும், இதுல ரொம்ப கறாரா இருக்கிறவங்க ரயில் ஓட்டவே மாட்டாங்க, அளந்துக்கிட்டேதான் இருப்பாங்க.

வளைவு ஏன் எல்லாத்தயும் முடிவு பண்ணுது

இந்திய ரயில்வேயில பிராட் கேஜுக்கு அனுமதிச்ச ரொம்ப குறுகலான வளைவு 10 டிகிரி, அதாவது ஆரம் 175 மீட்டர். அத 1:45ல சுருக்கினா கிட்டத்தட்ட 3.9 மீட்டர். ஒரு அரை வட்டம் போட்டு ரயில திருப்பணும்னா எட்டு மீட்டர் அகலத்துக்கு ஹால் வேணும். நம்ம கையில இருக்கிறது 32 சென்டிமீட்டர். நிஜத்துல கணக்கு பண்ணா அது 14 மீட்டர் ஆரம், பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் திரும்புறதுக்கே அவ்ளோ இடம் எடுக்கும், அதுல எக்ஸ்பிரஸ் வண்டிய திருப்பச் சொல்றோம்.

இதனால நாலு விஷயம் நடக்குது.

1. பெட்டி நடுவு உள்ள போகும், முனை வெளிய போகும்.

பெட்டிக்கு அடியில முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு திரும்புற சக்கரச் சட்டம் இருக்கும். அது ரெண்டும்தான் தண்டவாளத்து மேல நிக்குது, பெட்டி ரெண்டுக்கும் நடுவுல நேர்கோடா நிக்குது. வளைவுல நேர்கோடு உள்பக்கமா ஒதுங்கும். எவ்ளோ ஒதுங்கும்னா, ரெண்டு சக்கரச் சட்டத்துக்கு நடுவுல உள்ள தூரத்த அதாலயே பெருக்கி, ஆரத்தோட எட்டு மடங்கால வகுத்தா வரும். இது தோராயக் கணக்குதான், நம்ம வேலைக்குப் போதும்.

8 அகல ஐசிஎஃப் பெட்டிய முழு நீளத்துல கட்டினா சக்கரச் சட்டங்களுக்கு நடுவுல சுமார் 290 மிமீ வரும். ஆர்40ல 290 × 290 ÷ 2560, அதாவது 33 மிமீ. நாலு ஸ்டட்டுக்கும் மேல! பெட்டியோட பாதி அகலமே 32 மிமீதான், ஆக பெட்டியோட நடுவுல வெளிப்பக்கச் சுவர் தண்டவாளத்தோட நடுக்கோட்டத் தாண்டி உள்ள போயிடுது, வெளித் தண்டவாளத்துக்கு மேல பெட்டியே இல்ல. அதே நேரம் ரெண்டு முனையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும். ஓரத்துல பிளாட்பாரம், சிக்னல் கம்பம், பாலத்தோட கைப்பிடின்னு எது இருந்தாலும் இடிக்கும்.

இதுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, பெட்டிய சுருக்கணும். 28 ஸ்டட் பெட்டி, சக்கரச் சட்டங்களுக்கு நடுவுல 18 ஸ்டட் வச்சா ஒதுக்கம் 8 மிமீ, சரியா ஒரு ஸ்டட். ஜன்னல் எண்ணிக்கைய பாதியாக்குங்க, ஆனா கதவு ரெண்டும் ரெண்டு முனையிலயே இருக்கட்டும், பாக்குறவங்க கண்ணு அதத்தான் பிடிச்சுக்கும். ரெண்டாவது வழி, வளைவப் பெருசாக்கணும். ஆர்104ன்னு 832 மிமீ ஆரத்துல வேற கம்பெனிங்க துண்டு பண்றாங்க. அதுல அந்த முழு நீளப் பெட்டி ஒதுங்குறது 13 மிமீக்குள்ள வந்துடும். ஆனா அரை வட்டம் போட 1.7 மீட்டர் இடம் வேணும், காசும் கூட.

2. சக்கரம் வழுக்கும்.

ஒரே அச்சுல ரெண்டு சக்கரமும் இறுகி இருக்கு, சேந்துதான் சுத்தும். ஆனா வட்டத்துல உள் தண்டவாளம் 300 மிமீ ஆரம், வெளித் தண்டவாளம் 340. ஒரு சுத்துக்கு வெளிச் சக்கரம் 25 செமீ கூட ஓடணும். நிஜ ரயில்ல சக்கரம் லேசா கூம்பு மாதிரி, 20க்கு 1 சரிவுல இருக்கும். வளைவுல வண்டி வெளிய ஒதுங்கும்போது வெளிச் சக்கரத்தோட பெரிய விட்டம் தண்டவாளத்துல படும், உள் சக்கரத்தோட சின்ன விட்டம் படும், கணக்கு தானா சமமாயிடும். பொம்மைச் சக்கரத்துல அந்த வேலை நடக்காது, தேய்ச்சுக்கிட்டேதான் போகணும். வளைவுல நுழைஞ்ச உடனே வண்டி வேகம் குறையுதே, மோட்டார் வீக்குன்னு நினைக்கிறாங்க. மோட்டார்ல ஒண்ணும் இல்ல, இந்த வழுக்கலும் தண்டவாளத்துல சக்கர விளிம்பு உரசுறதும்தான் காரணம்.

3. நீள வண்டி உள்பக்கமா சாயும்.

இன்ஜின் முன்னாடி இழுக்குது, பின்னாடி பெட்டிங்க கனமா இழுத்துப் பிடிக்குது, நடுவுல கனம் கம்மியான பெட்டி வளைவுல இருந்தா ரெண்டு பக்க இழுப்பும் சேந்து அத உள்பக்கம் இழுத்துக் கவுத்துடும். கனமான பெட்டிய இன்ஜினுக்கு அடுத்து வைங்க, காலிப் பெட்டிய கடைசியில வைங்க. நிஜ கூட்ஸ் வண்டிக்கும் இதே பிரச்சினை உண்டு.

4. எஸ் வளைவு.

இடது வளைவு முடிஞ்ச உடனே வலது வளைவு வச்சா, ஒரு பெட்டியோட முனை இடது பக்கம் தள்ளி நிக்கும், அடுத்த பெட்டியோட முனை வலது பக்கம். நடுவுல இணைப்பு காந்தம், அது பிச்சுக்கும். ரெண்டு எதிர் வளைவுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர் டிராக் போட்டா தீந்துச்சு.

இழுவையும் ஏத்தமும்

இன்ஜின் எவ்ளோ இழுக்கும்ங்கிறத மோட்டார் பவர் மட்டும் முடிவு பண்றதில்ல, மோட்டார் சக்கரத்து மேல எவ்ளோ கனம் உக்காந்திருக்குங்கிறதும் சேந்துதான். அந்தச் சக்கரத்துல ரப்பர் வளையம் போட்டிருப்பாங்க, பிடிப்புக்கு. அது மேல தூசி படிஞ்சா பிடிப்பு போச்சு. பேட்டரி பாக்ஸ மோட்டாருக்கு நேர் மேல வைங்க, அழகுக்காக பின்னாடி பெட்டியில ஒளிச்சு வைக்கிறவங்க இழுவைய அவங்களே குறைச்சுக்கிறாங்க. பெட்டி அதிகமா இருந்தா முதல் இணைப்புக் காந்தம்தான் மொத்த பாரத்தையும் தாங்கணும், அங்கதான் முதல்ல விடும்.

பாலத்துக்கு ஏறணும் இல்லயா, அதுக்கு ஏத்தக் கணக்கு. ஒரு டிராக் துண்டுக்கு ஒரு பிளேட் உயத்தினா 128 மிமீக்கு 3.2 மிமீ, அதாவது 40க்கு 1. நிஜ மெயின் லைன்ல 100க்கு 1ங்கிறதே நல்ல ஏத்தம். இருந்தாலும் சின்ன வண்டி 40க்கு 1 ஏறிடும். சீக்கிரம் மேல போயிடலாம்னு துண்டுக்கு ஒரு முழு பிரிக் உயத்துறவங்க இருக்காங்க, அது 13க்கு 1 வருது. நீலகிரி மலை ரயில்ல ரொம்ப செங்குத்தான இடமே 12க்கு 1தான், அதுக்கே அங்க நடுவுல பல் தண்டவாளம் போட்டிருக்கு. உங்க இன்ஜின்ல பல் சக்கரம் கிடையாது.

பாலம் தரையில இருந்து 10 பிரிக் உயரம்னு வச்சுக்கங்க, வெறும் 9.6 செமீ. ஒழுங்கான ஏத்தத்துல அங்க போய்ச் சேர 30 துண்டு, 3.84 மீட்டர். ஏறுறதுக்கு அவ்ளோ, இறங்க இன்னொரு தடவ அவ்ளோ. இதுக்குப் பதிலா எல்லாத்தயும் ஒரே மட்டத்துல மேசை மேல வச்சுட்டு, கடல மட்டும் கீழ இறக்கிடுங்க. ரெண்டு மேசைக்கு நடுவுல இடைவெளி விட்டா அதான் பாம்பன் கால்வாய், ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல. எனக்குத் தெரிஞ்சு இதான் சரியான வழி.

எந்த கரண்ட் சிஸ்டம்

1. 1966ல வந்த முதல் மின்சார ரயில் 4.5 வோல்ட் பேட்டரி, நீல தண்டவாளம். அப்புறம் 12 வோல்ட். ரெண்டும் இப்போ சேகரிக்கிறவங்களுக்கு மட்டும்தான்.

2. 1991ல 9 வோல்ட். தண்டவாளத்து மேல உலோகத் தகடு, அதுலயே கரண்ட் ஓடும், பேட்டரி வேண்டாம். பழைய ஆளுங்க இன்னும் இதத்தான் கொண்டாடுறாங்க. ஆனா கடலோரத்துக்கு இது ஆகாது. உப்புக் காத்துல தகடு மங்கும், சக்கரத்துக்கு கரண்ட் விட்டு விட்டு வரும், துடைச்சுக்கிட்டே இருக்கணும். அதோட வண்டி சுத்தித் திரும்பி அதே பாதையில எதிர்த் திசையில சேர்ற மாதிரி லூப் போட்டா ஒரு தண்டவாளம் இன்னொண்ணோட சேந்து ஷார்ட் ஆயிடும்.

3. 2006ல திரும்பவும் பேட்டரி, அகச்சிவப்பு ரிமோட். டிவி ரிமோட் மாதிரி நேரா காட்டணும். வெயில் அடிக்கிற வராந்தாவுல, மொட்டை மாடியில சிக்னல் சரியா போகாது.

4. 2018ல இருந்து புளூடூத். ஆறு சின்ன பேட்டரி, போன்லயும் ஓட்டலாம். சாதா பேட்டரி 1.5 வோல்ட், ஆறு சேந்து 9. சார்ஜ் பண்ற பேட்டரி 1.2 வோல்ட், ஆறு சேந்து 7.2தான். அத போட்டா வண்டி கொஞ்சம் மெதுவா போகும், கோளாறுன்னு நினைச்சுக்காதீங்க.

நம்ம பக்கத்துக்கு நாலாவதுதான். கரண்ட் போனாலும் வண்டி ஓடும்.

விலை ஏன் இப்படி, மலிவுக் கட்டை வாங்கலாமா

வெளிநாட்டு பொம்மைக்கு இறக்குமதி வரி 20 சதவீதமா இருந்துச்சு, 2020 பட்ஜெட்ல 60 ஆக்கினாங்க, 2023ல 70 ஆச்சு. இது போக 2021 ஜனவரி 1ல இருந்து, 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இது ரெண்டும் தெரிஞ்சா, வெளிநாட்டு இணையதளத்துல பாத்த விலைக்கும் இங்க கேக்குற விலைக்கும் ஏன் சம்பந்தமே இல்லன்னு புரியும்.

லெகோ மாதிரியே பொருந்துற மத்த கம்பெனி கட்டைங்க கள்ளச் சரக்கான்னு நிறைய பேர் கேக்குறாங்க. இல்ல. அந்தக் கட்டை வடிவத்துக்கு 1958ல போட்ட பேடன்ட் எப்பவோ முடிஞ்சு போச்சு, ஐரோப்பிய நீதிமன்றமும் 2010ல கட்டை வடிவத்த டிரேட்மார்க்கா வச்சுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அதே குமிழ், அதே 8 மிமீ போட்டு யாரும் கட்டை பண்ணலாம். லெகோங்கிற பேரப் போட்டு, அவங்க டப்பா டிசைன அப்படியே அடிச்சு வித்தா தப்பு.

தூணுக்கு, கரைக்கு, கடலுக்கு மலிவுக் கட்டை போதும். டிராக்குலயும் சக்கரத்துலயும் மிச்சம் பிடிக்காதீங்க, அங்க அரை மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருந்தாலே வண்டி இறங்கிடும். முத்திரை இல்லாத செட்ல இணைப்புக் காந்தம் சும்மா ஒட்டியிருக்கும், கழண்டு வந்துடும். சின்னப் பிள்ளை ரெண்டு காந்தத்த முழுங்கினா உள்ள குடலோட சேத்து ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகிற விஷயம் அது.

உப்பும் மணலும்

கட்டை ஏபிஎஸ் பிளாஸ்டிக், துருப் பிடிக்காது. பிடிக்கிறது சக்கரத்தோட உலோக அச்சு. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல ஜன்னல் வழியா வர்ற பொடி மணல் அச்சுக்குள்ள போயிடும், அப்புறம் பெட்டி ஒண்ணொண்ணும் பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். ஒவ்வொரு பெட்டியா லேசா சாய்ச்ச பலகையில விட்டுப் பாருங்க, எது உருளாம நிக்குதோ அதோட அச்சக் கழட்டி துணியால துடைங்க. எண்ணெய் போடாதீங்க, மணல் இன்னும் ஒட்டும். கட்டைய கழுவணும்னா 40 டிகிரிக்கு மேல சூடு வேண்டாம். வெயில்ல காய வைக்காதீங்க, வெள்ளைக் கட்டை மஞ்சளாயிடும்.

தூக்குப் பாலம்: இங்கதான் வேலையே இருக்கு

1914ல திறந்த பழைய பாலத்துல நடு ஸ்பான் ரெண்டு இறக்கையா பிரிஞ்சு மேல தூக்கும். ஷெர்சர்னு அமெரிக்க எஞ்சினியர் பேர்ல உள்ள முறை அது, இறக்கை எந்திரிக்கும்போதே அதோட வளைஞ்ச அடிப்பாகம் மட்டமான பாதையில பின்னாடி உருளும். கட்டையில அத பண்ண வளைஞ்ச பல் சட்டம் எல்லாம் வேணும், கஷ்டம். புதுப் பாலத்துல 72.5 மீட்டர் ஸ்பான் ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல லிஃப்ட் மாதிரி நேரா 17 மீட்டர் ஏறுது. கட்டுறவங்களுக்கு இது எவ்வளவோ சுலபம்.

அளவு எப்படி வருதுன்னு பாருங்க. மொத்த பாலம் 2.07 கிலோமீட்டர், 1:45ல 46 மீட்டர், தெரு முழுக்க போகும், யாராலயும் முடியாது. தூக்கு ஸ்பான் மட்டும் 1.6 மீட்டர். மத்த 99 ஸ்பானும் ஒவ்வொண்ணும் 18.3 மீட்டர், மாடல்ல 41 செமீ. அதனால தூக்கு ஸ்பானும் பக்கத்துக்கு மூணு சாதா ஸ்பானும் கட்டினா போதும், பாத்தவுடனே பாம்பன்னு தெரிஞ்சுடும். ஒரு ஸ்பான ஒழுங்கா டிசைன் பண்ணி அதையே திரும்பத் திரும்ப கட்டுங்க. 1964 புயல்ல பழைய பாலத்துல பெரும்பாலான ஸ்பான் கடல்ல போயும் ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரன் குழு 46 நாள்ல ரயில் விட்டதுக்கு, ஒரே மாதிரி ஸ்பான தனித்தனியா எடுத்து மாட்ட முடிஞ்சதும் ஒரு காரணம். பூனை குதிச்சு ஒரு ஸ்பான் போனாலும் மாடல்ல அதே கதைதான்.

இனி தூக்குற வேலை, வரிசையா.

1. தொய்வு. 1.6 மீட்டர் நீளத்துக்கு வெறும் கட்டையில ஸ்பான் கட்டினா அன்னைக்கு நேரா இருக்கும், ஒரு வாரத்துல நடுவுல தொங்கும். ஏபிஎஸ் இரும்ப விட நூறு மடங்குக்கு கிட்ட இளகினது, அதோட பாரம் ஏறியே இருந்தா மெல்ல மெல்ல வளைஞ்சுக்கிட்டே போகும். உள்ள ஒரு அலுமினிய ஆங்கிள் ஒளிச்சு வைங்க. கட்டைய தவிர வேற எதையும் தொடக்கூடாதுங்கிற கட்சி ஒண்ணு இருக்கு, அவங்க ஸ்பான பாதி நீளத்துல கட்டிக்கட்டும்.

2. எதிர் எடை. நிஜ ஸ்பான் 660 டன், அத மோட்டார் தனியா தூக்கல. கோபுரத்துல அந்தப் பக்கம் கிட்டத்தட்ட அதே எடை தொங்குது, கப்பி வழியா கயிறு போகுது, ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கும், மோட்டார் உராய்வ மட்டும் ஜெயிச்சா போதும். மாடல்லயும் அப்படியே பண்ணணும், இல்லேன்னா பொம்மை மோட்டார் உறுமிட்டு நின்னுடும். ஸ்பான சமையல் தராசுல எடை போடுங்க, அத விட ஒரு பொடி குறைச்சலா எதிர் எடை வைங்க, அப்போ கீழ வந்து அதுவா அழுத்தி உக்காரும். வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு நம்ம ஊர்ல எங்கயும் கிடைக்கும், கனமும் நல்ல கனம், ஆனா ஈயம் விஷம், பிள்ளைங்க கையில படவே கூடாது. இரும்பு நட்டு வாங்கி கட்டை டப்பாக்குள்ள போட்டுடுங்க.

3. கயிறு. தங்கூசி நரம்பு கண்ணுக்கு தெரியாது, ஆனா இழுத்தா நீளும், நாலு மூலையில ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு நீண்டு ஸ்பான் கோணலாயிடும். பின்னின நூல் கயிறுதான் சரி. ஒரு கோபுரத்து ரெண்டு கயிறும் ஒரே அச்சுல சுத்தணும். ரெண்டு கோபுரத்துக்கும் தனித்தனி மோட்டார் போட்டா ஒண்ணு முந்தும், அதனால கீழ ஒரு நீள அச்சு போட்டு ரெண்டையும் சேத்துடுங்க.

4. ஜாயின்ட். டிராக் துண்டு ஒண்ணோட ஒண்ணு கவ்வுற கொக்கி இருக்கும், தூக்கு ஸ்பானோட ரெண்டு முனையிலயும் அது இருந்தா மேல எந்திரிக்காது. அங்க கொக்கிய வெட்டணும், அதுக்கு ரெண்டு துண்டு பலிதான். வெட்டின இடத்துல இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், உயரம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். ஸ்பான் வந்து உக்கார்ற இடத்துல குமிழ் இல்லாத வழவழப்பான தட்டு போடுங்க, பக்கத்துக்கு பக்கம் ஆடாம இருக்க ரெண்டு ஓரத்துலயும் வழிகாட்டிச் சுவர் வைங்க. விரலால ஜாயின்ட்ட தடவிப் பாருங்க, நகம் தட்டுச்சுன்னா சக்கரமும் தட்டும்.

5. பூட்டு. நிஜப் பாலத்துல ஸ்பான் முழுசா இறங்கி பூட்டு விழுந்தாத்தான் சிக்னல் விழும், இல்லேன்னா ரயில் வர முடியாது. மாடல்ல இத விட்டுடுறாங்க, பாலம் மேல இருக்கும்போது வண்டி வந்து ரெண்டு மேசைக்கு நடுவுல தலைகுப்புற விழுது. புளூடூத் சிஸ்டத்துல கலர் சென்சர் இருக்கு, அத இன்ஜினுக்கு அடியில கீழ பாத்த மாதிரி வைங்க. பாலத்துக்கு முன்னாடி நாலு டிராக் துண்டு தள்ளி தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு சிவப்புத் தட்டு வைங்க, சிவப்பப் பாத்தா நிக்கணும்னு புரோகிராம் பண்ணிடுங்க. அந்தச் சிவப்புத் தட்ட ஒரு நெம்புகோல்ல மாட்டி ஸ்பானோட அடிப்பக்கத்தோட சேத்துட்டா, ஸ்பான் முழுசா உக்காந்தப்போ மட்டும் தட்டு ஒதுங்கும். நாலு துண்டு ஏன்னா, மோட்டார நிறுத்தின உடனே வண்டி நிக்காது, பின்னாடி வர்ற பெட்டிங்க தள்ளும். ஆறேழு பெட்டி போட்டா இன்னும் ரெண்டு துண்டு பின்னாடி தள்ளி வைங்க. அது எவ்ளோன்னு பாலத்துல வச்சுப் பாக்காதீங்க, தரையில ஓட்டி அளந்துட்டு அப்புறம் மேசைக்கு ஏத்துங்க.